நான்கு வருடமாக ஆஃப்டர்பர்னர்: வேகம் கூட்டப் போய் வோல்டேஜைக் குறைத்தேன்

கிராபிக்ஸ் கார்டின் வேகம், வோல்டேஜ், ஃபேன் ஆகியவற்றை மாற்றவும் கண்காணிக்கவும் உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளை நான் இன்ஸ்டால் செய்தது ஓவர்கிளாக் செய்வதற்காக, அதாவது கார்டை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்காகத்தான். நான்கு வருடம் கழித்து அது என் கிராபிக்ஸ் கார்டில் செய்யும் முக்கியமான வேலை, வோல்டேஜைக் குறைத்து வைப்பது. பெயரில் எம்எஸ்ஐ இருந்தாலும் எந்த கம்பெனி கார்டிலும் ஓடும், காசும் கிடையாது.

என்னுடையது ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி உள்ள, 320 வாட் வரை இழுக்கும் கார்டு. முதல் மாதம் முழுக்க கோர் கிளாக்கை (சிப் ஓடும் வேகத்தை) 15, 15 மெகாஹெர்ட்ஸாகக் கூட்டிக்கொண்டே போனேன். +120-இல் பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்கும் சோதனை) சுத்தமாக ஓடி முடிந்தது. சரி, இதுதான் எல்லை என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து ஒரு கேமில் மேப்பைத் திறந்து வைத்திருந்தபோது திரை உறைந்து, கருத்து, டிரைவர் ரீசெட் ஆனது. கனமான சண்டைக் காட்சியில் விழாத கார்டு, சும்மா மேப் பார்க்கும்போது ஏன் விழ வேண்டும்? மானிட்டரிங் கிராஃபைப் பின்னால் தள்ளிப் பார்த்தபோது புரிந்தது. கனமான காட்சியில் பவர் லிமிட், அதாவது கார்டு இழுக்கக்கூடிய வாட்டின் உச்சவரம்பு, கிளாக்கைக் கீழே பிடித்து வைக்கிறது. லேசான காட்சியில் அந்தப் பிடி இல்லாததால் கிளாக் உச்சத்துக்குப் போகிறது, விழுவதும் அங்கேதான். பெஞ்ச்மார்க்கை மட்டும் நம்பி ஓவர்கிளாக்கை முடிவு செய்யாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

மெமரியின் வேகத்தைக் கூட்டுவது இன்னும் நுணுக்கமானது. +500 மெகாஹெர்ட்ஸ் வரை ஃப்ரேம் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏறியது. +900-க்குப் போனேன், கிராஷ் இல்லை, திரையில் புள்ளி இல்லை, ஆனால் ஃப்ரேம் +500-இல் கிடைத்ததை விடக் குறைவு! இந்த வகை மெமரி பிழையைக் கண்டுபிடித்து டேட்டாவைத் திரும்ப அனுப்பும். கிராஷ் ஆகாமல் காப்பாற்றிவிடும், அந்த நேரம்தான் ஃப்ரேமில் போகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரே காட்சியில் ஃப்ரேமை அளந்து எழுதி வைத்ததால்தான் தெரிந்தது. இப்போது +400-இல் நிறுத்தியிருக்கிறேன்.

அப்புறம்தான் கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தினால் வரும் கர்வ் எடிட்டரைத் தொட்டேன். ஒவ்வொரு வோல்டேஜுக்கும் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்பது அதில் புள்ளிகளாக நிற்கும். 850 மில்லிவோல்ட் புள்ளியை 1800-க்கு ஏற்றி, அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லாவற்றையும் அதே உயரத்தில் தட்டையாக்கினேன், அதனால் கார்டு அதற்கு மேல் வோல்டேஜ் ஏற்றுவதில்லை. 320-ஐத் தொட்டுக்கொண்டே இருந்த வாட் கணக்கு 250 பக்கம் வந்தது. சூடு 77 டிகிரியிலிருந்து 68. ஃப்ரேமில் கண்ணுக்குத் தெரிந்த இழப்பு இல்லை, ஏனென்றால் முன்பும் பவர் லிமிட்டில் இடித்துக்கொண்டு கார்டு கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் நின்றது. எனக்கு இந்த மென்பொருள் தந்த பெரிய லாபம் இதுதான், சந்தேகமே இல்லை. ஒரு சின்ன விஷயம்: கார்டு குளிர்ந்திருக்கும்போது போட்ட கர்வ், சூடான பிறகு ஒரு படி, அதாவது 15 மெகாஹெர்ட்ஸ், தள்ளித் தெரியும். அது கோளாறு இல்லை.

ஃபேன் கர்வ் எளிது. ஆனால் ஹிஸ்டெரிசிஸ் மதிப்பை (சூடு எவ்வளவு குறைந்த பிறகு ஃபேன் வேகம் இறங்கலாம் என்பதை) சில டிகிரி வைக்காவிட்டால் ஃபேன் ஏறி இறங்கி முனகிக்கொண்டே இருக்கும்.

தினமும் நான் பார்ப்பது, கூடவே வரும் ரிவாட்யூனர் காட்டும் திரை மூலை எண்கள். ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு 98, 99 சதவீதம் என்றால் கார்டு முழு மூச்சில் ஓடுகிறது. 60-இல் நின்றால், ஃப்ரேம் லிமிட்டும் வைக்கவில்லை என்றால், பெரும்பாலும் பிராசஸர்தான் பின்னால் இழுக்கிறது, கார்டை எவ்வளவு ஓவர்கிளாக் செய்தும் பயனில்லை. ஃப்ரேம்டைம் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆகும் நேரம்) கோட்டையும் சேர்த்து வையுங்கள். சராசரி 90 ஃப்ரேம் என்று காட்டும் கேமும் ஏன் திக்குகிறது என்பது அந்தக் கோட்டில் முள்முள்ளாகத் தெரியும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: விண்டோஸ் திறக்கும்போதே செட்டிங் ஏறும் பொத்தானை, குறைந்தது இரண்டு வாரம் கிராஷ் இல்லாமல் ஓடும் வரை தொடாதீர்கள். ஆஃப்டர்பர்னர் பெயரைப் போலவே போலித் தளங்கள் இருந்திருக்கின்றன, 2021-இல் எம்எஸ்ஐயே எச்சரித்தது. அதனால் டவுன்லோட் செய்யும் முன் தள முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். டிரைவர் அப்டேட் செய்த அன்று நான் என் செட்டிங்கைச் சேமித்து வைத்திருக்கும் புரொஃபைல் 1-ஐ மறுபடி அழுத்தி, அந்தப் பழைய கேமின் மேப்பைப் பத்து நிமிடம் திறந்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போகிறேன்.