சைமன் டேத்தம் புதிர்த் தொகுப்பு: ஐம்பதைத் தாண்டியவர்களின் கையில் எது நிற்கிறது, எது நிற்பதில்லை

ஆப் கடையில் ‘பஸில்’ என்று தேடினால் வந்து விழுவதில் பெரும்பாலானவை புதிரே அல்ல. கேண்டி கிரஷில் 5 உயிர். ஒன்று போனால் அது திரும்பி வர 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு. மேலிருந்து அடுத்து எந்த மிட்டாய் விழும் என்பது உங்கள் யோசனையில் இல்லை. செய்தித்தாளில் பேனாவோடு உட்கார்ந்து சுடோகு போட்டுப் பழகியவர்கள் இரண்டே நாளில் இதை அழித்துவிடுவதற்குக் காரணம் அதுதான். யோசித்தால் விடை வரும் என்ற உத்தரவாதம் அங்கே கிடையாது.

அந்த உத்தரவாதத்தைத் தருவதுதான் இந்தத் தொகுப்பு. தொலைவிலுள்ள கணினியோடு இணைக்கும் புட்டி மென்பொருளை எழுதிய அதே சைமன் டேத்தம் 2004 முதல் வளர்த்து வருவது. இப்போது 40 புதிர்கள். முழுக்க இலவசம், விளம்பரம் இல்லை, இணையம் தேவையில்லை. விண்டோஸ், லினக்ஸ், பிரவுசர் எல்லாவற்றிலும் ஓடும். ஆண்ட்ராய்டுக்கு கிறிஸ் பாயிலும் ஐபோன், ஐபேடுக்கு கிரெக் ஹ்யூகிலும் மாற்றித் தந்திருக்கிறார்கள். புதிர்கள் எங்கிருந்தும் இறங்குவதில்லை, உங்கள் கருவியிலேயே உருவாகின்றன. சுடோகு, பாலம், வளையம் போன்ற தர்க்கப் புதிர்களில், கட்டத்தை உங்களிடம் காட்டுமுன் நிரல் தானே அதை ஒருமுறை தீர்த்துப் பார்க்கிறது. விடை ஒன்றுதானா, நீங்கள் கேட்ட கடினத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்த பிறகே தருகிறது. அதனால் ‘லெவல் தீர்ந்துவிட்டது’ என்ற பேச்சே இல்லை.

எண்களை வைத்துக் குண்டு ஒளிந்த கட்டங்களைக் கண்டுபிடிக்கும் மைன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விண்டோஸ் மைன்ஸ்வீப்பரில் கடைசி இரண்டு கட்டம் மிஞ்சி, எதில் குண்டு என்று காசு சுண்டிப் பார்க்க வேண்டிய நிலை எல்லோருக்கும் தெரிந்ததே. இங்கே முதல் தொடுதலுக்குப் பிறகுதான் குண்டுகள் வைக்கப்படுகின்றன, அதுவும் ஊகமே இல்லாமல் முடிக்கக்கூடிய விதத்தில். 16×16-இல் 40 குண்டு என்ற அளவு நிதானமாக விளையாடச் சரியானது. குண்டில் கால் வைத்தாலும் ‘அன்டூ’ அழுத்தித் தொடரலாம், கீழே சாவுக் கணக்கு மட்டும் ஏறும். நேரம் ஓடுவதும் கீழே தெரியும், ஆனால் அதற்காக உங்களை யாரும் வெளியேற்றுவதில்லை.

நீண்ட நாள் கையில் நிற்பது பிரிட்ஜஸ் என்ற பாலப் புதிர். வட்டத்துக்குள் ஓர் எண். அத்தனை பாலங்கள் அந்தத் தீவிலிருந்து கிளம்ப வேண்டும், இரண்டு தீவுகளுக்கு இடையே அதிகபட்சம் 2. மூலையில் 4 இருந்தால் இரண்டு பக்கமும் இரட்டைப் பாலம், யோசிக்கவே வேண்டாம். மூலையில் 3 என்றால் இரு பக்கமும் குறைந்தது ஒன்று. நடுவில் 7 என்றால் நான்கு பக்கமும் குறைந்தது ஒன்று. இந்த மூன்றை வைத்தே 7×7 எளிய கட்டத்தில் நல்ல தொடக்கம் கிடைத்துவிடும். தீவிலிருந்து பக்கத்துத் தீவுக்கு விரலை இழுத்தால் ஒரு பாலம், மறுபடி இழுத்தால் இரண்டு, மூன்றாம் முறை இரண்டும் போய்விடும். புதியவர்கள் திணறும் இடம் வேறு. தீவை இழுக்காமல் வெறுமனே தொட்டால் ‘இது முடிந்தது’ என்று அது பூட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் பாலம் வராது. ஆப் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள். தீவின் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி ஒருமுறை தொட்டால் பூட்டு விலகும்.

லூப்பி என்ற வளையப் புதிர் அடுத்த படி. எண்ணைச் சுற்றி அத்தனை கோடுகள், எல்லாம் சேர்ந்து ஒரே வளையம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு 3 இருந்தால் அவற்றுக்கு நடுவே உள்ள கோடும், இரு வெளிப்புறத்து இணைகோடுகளும் நிச்சயம். மூலையில் 1 என்றால் மூலைக் கோடு இரண்டும் கிடையாது. அவற்றை ‘இல்லை’ என்று குறிக்க விரலை அழுத்திப் பிடிக்க வேண்டும். பலர் இருக்கும் கோடுகளை மட்டும் போட்டுக்கொண்டு, இல்லாதவற்றைக் குறிக்காமல் விட்டுவிட்டு பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள். இல்லாததைக் குறிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. சதுரம் அலுத்தால் தேன்கூடு, பென்ரோஸ் (இரண்டு வகை ஓடுகளால் ஆன, ஒரே சீராகத் திரும்ப வராத கோலம்) என்று கட்ட வடிவத்தை மாற்றலாம். 2023-இல் அறிவிக்கப்பட்ட ‘தொப்பி’ வடிவமும் உண்டு. ஒரே வடிவத்தால், மறுபடி மறுபடி வராத கோலத்தில் தளத்தை நிரப்பும் அந்த வடிவத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஸ்மித், இங்கிலாந்தில் அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றவர். பொழுதுபோக்காக வடிவங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர்.

சுடோகுவுக்கு இங்கே சோலோ என்று பெயர். கடின நிலைகளில் ‘அன்ரீசனபிள்’ என்பதை மட்டும் தொடாதீர்கள். அதில் ஊகித்துப் பார்த்துத் திரும்பி வர வேண்டியிருக்கலாம், தொகுப்பின் அழகே அங்கே போய்விடுகிறது. ‘அட்வான்ஸ்ட்’ வரை போதும். கணினியில் எம் விசையை அழுத்தினால் காலிக் கட்டங்கள் எல்லாவற்றிலும் பென்சில் எண்கள் (சின்ன எழுத்தில் உத்தேசக் குறிப்புகள்) நிரம்பும். நீக்குவது மட்டுமே உங்கள் வேலை.

குறைகளும் உண்டு. உதவிக் குறிப்புகள் வறட்சியான ஆங்கிலத்தில் இருக்கின்றன. முதல் பாடம் நடத்த எந்த பொம்மையும் வராது. பெயர்களை அகர வரிசையில் எடுத்துக்கொண்டு பிளாக் பாக்ஸில் தொடங்கினால் ஒன்றும் புரியாமல் மூடிவிடத் தோன்றும். நெட் (துண்டுகளைச் சுழற்றி எல்லாவற்றையும் ஒரே வலையாக இணைப்பது), பிரிட்ஜஸ், சோலோ என்று தொடங்குவது நல்லது. ஃப்ளட், சேம் கேம், ஃபிஃப்டீன் ஆகியவை ஒரு வாரத்தில் சலித்துவிடும். மேப் (வரைபடப் பகுதிகளுக்கு நிறமிடுவது), கெஸ் (மறைந்திருக்கும் நிற வரிசையைக் கண்டுபிடிப்பது) இரண்டும் நிறத்தை நம்பியவை. கண்புரை உள்ளவர்களுக்கு நிறங்கள் குழம்பலாம். கணினியில் எல் விசை மேப்பில் பகுதிகளுக்கும், கெஸ்ஸில் நிறங்களுக்கும் எண் போட்டுத் தரும். போனில் 15×15 பிரிட்ஜஸ் விரலுக்கு அடங்காது. 10 அங்குல டேப்லெட் இருந்தால் இந்தத் தொகுப்பே வேறு மாதிரி தெரியும்.

நினைவாற்றல் கூடும் என்று இதில் யாரும் விளம்பரம் செய்யவில்லை, அதுவும் ஒரு நிம்மதி. மூளைப் பயிற்சி என்று விற்ற லூமோசிட்டி, ஆதாரமில்லாத விளம்பரம் என்ற புகாரில் 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இன்னொரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. கணினியில் ‘கேம்’ மெனுவில் ‘ஸ்பெசிஃபிக்’ என்பதில் இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எதிர்முனையில் இருப்பவருக்கும் அதே கட்டம் திறக்கும். நகலெடுக்கும்போது கடைசி எழுத்து விட்டுப்போனால் ஏற்காது, முழுவதையும் தேர்ந்தெடுத்தீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.