தைப்பூசச் சுற்றுலா போகிறவர்கள் கவனத்துக்கு: "ஏடிஎம்மில் எடுத்தால் கட்டணமே இல்லை" என்பதை நம்பாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கமிருந்து தைப்பூசத்துக்குப் பினாங்கு போய், அப்படியே பாங்காக்கையும் பார்த்துவிட்டு வரலாம் என்று குழுவாகக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். வீட்டுப் பெரியவர்களை மட்டும் அனுப்பி வைக்கிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

இது எங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது. அவருடைய அப்பச்சி (அப்பா) மலாயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர். பினாங்கிலுள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலையும் தைப்பூச வெள்ளி ரதத்தையும் ஒருதடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது பெரியம்மாவின் நெடுநாள் ஆசை. நம் ஊர்ப் பக்கத்துச் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரிடம் பணம் கட்டிச் சேர்ந்தார். பெயர் சொல்லப் போவதில்லை. இதே வாக்குறுதியை வேறு சிலரும் தருகிறார்கள் என்பதால் பெயரைவிட விஷயம்தான் முக்கியம்.

கிளம்பும் முன் நடந்த கூட்டத்தில், கைச்செலவுக்கு எவ்வளவு பணம் மாற்றிக்கொள்வது என்று பெரியம்மா கேட்டிருக்கிறார். "ஆச்சி, காசு எதுவும் தூக்கிட்டு வர வேண்டாம். உங்க ஏடிஎம் கார்டு போதும். அங்க எந்த மெஷின்லயும் எடுத்துக்கலாம், கட்டணமே கிடையாது" என்று பதில். அப்புறம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள்: மொத்தமாக எடுத்துக் கையில் வைத்திருந்தால் திருட்டுப் பயம், அதனால் தினம் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள் என்று. குழுவில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

பெரியம்மா ஊர் திரும்பியதும் பாஸ்புக்கில் பதிவு போட்டு வந்தேன். பாங்காக்கில் எடுத்ததற்காகக் கழிந்த ஒவ்வொரு தொகைக்கும் அவர் வாங்கிய பாட் (தாய்லாந்துப் பணம்) நோட்டுகளுக்கும் பொருந்தவே இல்லை. நல்லவேளை, இயந்திரம் தந்த சிலிப் அத்தனையையும் சுருக்குப்பையில் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றை எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் பணம் மூன்று இடத்தில் கழிந்திருப்பது தெரிந்தது.

முதலாவது, அந்த ஊர் வங்கியின் கட்டணம். தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டு எதைப் போட்டாலும் ஒரு தடவைக்கு 220 பாட், சில இயந்திரங்களில் அதற்கு மேலும் வாங்குவார்கள். நீங்கள் ஆயிரம் பாட் எடுத்தாலும் சரி, இருபதாயிரம் எடுத்தாலும் சரி, அதே தொகைதான். இருபதாயிரத்தில் 220 என்பது ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். ஆயிரத்தில் அது 22 சதவீதம். "கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்" என்ற அறிவுரை எவ்வளவு பெரிய கேடு என்று இதிலேயே தெரியும். மலேசியாவில் நிலைமை வேறு. அங்கே சில வங்கிகளின் இயந்திரம் கட்டணம் கேட்கும், சில கேட்காது. கட்டணம் இருந்தால் பணம் தருவதற்கு முன் திரையில் காட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாம் என்று கார்டை எடுத்துக்கொண்டு அடுத்த வங்கிக்குப் போகலாம், சம்மதிக்காமல் விட்டுவந்த வங்கி ஒன்றும் பிடிக்காது.

இரண்டாவதுதான் எனக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்கியது. கட்டணத்துக்குச் சம்மதித்த பிறகு இயந்திரம் இன்னொரு திரை காட்டும். "உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் கழியும், ஒரு பாட்டுக்கு இவ்வளவு ரூபாய்" என்று எழுதி, ஒரு பக்கம் 'அக்செப்ட் கன்வர்ஷன்', மறுபக்கம் 'டிக்லைன் கன்வர்ஷன்' அல்லது 'வித்தவுட் கன்வர்ஷன்' என்று இருக்கும். ரூபாயில் காட்டுவது நமக்கு உதவி மாதிரித் தோன்றும். உண்மையில் அந்த மாற்று விலையை இயந்திரத்தை நடத்துகிறவர்களே வைக்கிறார்கள், அதில் அவர்களுடைய லாபமும் சேர்ந்திருக்கிறது. வேண்டாம் என்று அழுத்தினால் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் விலையில் கணக்காகும். பெரும்பாலும் அது எவ்வளவோ குறைவு. டிக்லைன் என்ற சொல்லைப் பார்த்ததும், அதை அழுத்தினால் பணமே வராது என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. பணம் வழக்கம்போல வரும், ரூபாயாக மாற்றுகிற வேலையை மட்டும் அந்த இயந்திரத்துக்குக் கொடுக்காமல் விடுகிறீர்கள். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வாடிக்கையாளருக்குத் தரப்பட வேண்டும் என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதி.

அந்த உரிமையைப் பெரியம்மாவிடமிருந்து பறித்தவர் குழுவோடு போன வழிகாட்டி. ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்பட்டவர்களுக்கு உதவுகிறேன் என்று இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, "ரூபாயில போட்டாத்தான் ஆச்சி உங்களுக்குக் கணக்குப் புரியும்" என்று சொல்லி, ஒவ்வொரு தடவையும் அவரே பொத்தானை அழுத்தியிருக்கிறார். இதில் அவருக்குப் பங்கு கிடைத்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தது போலச் சொல்லி, நம்பி வந்த பெரியவர்களின் பணத்தில் கை வைத்ததைத்தான் தவறு என்கிறேன். ரகசிய எண்ணைக்கூட இரண்டொருவர் அவரிடம் சொல்லிவிட்டார்கள் என்று கேட்டபோது மனசு பதறியது. எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் அதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, நம்முடைய சொந்த வங்கி. வெளிநாட்டில் எடுத்தால் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம், பல வங்கிகளில் 125 ரூபாய் அளவில். அதுபோக நாணய மாற்றத்துக்கு மார்க்-அப் என்று ஒரு சதவீதம், பல டெபிட் கார்டுகளில் 3.5 வரை. இரண்டின் மேலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அங்கே ரூபாயாக மாற்றிவிட்டதால் இங்கே எதுவும் கழியாது என்றும் நினைக்க முடியாது. ரூபாயில் வந்தாலும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைதான் என்று சில வங்கிகள் தனியாகக் கழிக்கின்றன. அங்கே இருப்பைப் பார்த்தால்கூடக் கட்டணம் பிடிக்கிற வங்கிகள் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பாட் இரண்டரை ரூபாய் என்றும், இயந்திரம் ரூபாயாக மாற்ற 2.70 போடுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பாட் எடுத்தால் கட்டணத்தோடு 1,220 பாட். அது 3,294 ரூபாய். நம் வங்கியின் கட்டணம் 125, அதற்கு ஜிஎஸ்டி 22.50. ஆக 3,441.50 ரூபாய் கழிகிறது. கையில் இருப்பதோ 2,500 ரூபாய் மதிப்புள்ள நோட்டு. இப்படிப் பத்துத் தடவை எடுத்தால் 34,415 ரூபாய். அதே பத்தாயிரம் பாட்டை ஒரே தடவையில், மாற்றம் வேண்டாம் என்று அழுத்தி எடுத்தால் 3.5 சதவீத மார்க்-அப், வரி எல்லாம் சேர்த்தே சுமார் 26,750 ரூபாய்தான் ஆகும். ஏழாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஓய்வூதியத்தில் சேர்த்துவைத்துப் போகிற ஒருவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

ஏற்பாட்டாளரின் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "கட்டணம் இல்லைன்னு நாங்க சொன்னது எங்க பக்கத்துக் கட்டணத்தை" என்றார்கள். கார்டு பெரியம்மாவுடையது, இயந்திரம் வேற்று நாட்டு வங்கியுடையது. இதில் அவர்கள் பக்கத்துக் கட்டணம் என்று ஒன்று இருக்கவே முடியாது. வங்கிக் கிளையில் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் சிலிப்பிலேயே வாடிக்கையாளர் மாற்றத்துக்குச் சம்மதித்தார் என்று அச்சாகியிருப்பதால் திரும்ப வாங்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால் யாராவது "கட்டணம் இல்லாத கார்டு" என்றால் இந்த மூன்றில் எது இல்லை என்று கேளுங்கள். மார்க்-அப் இல்லாத கார்டுகள் உண்மையிலேயே இருக்கின்றன, வாங்கலாம். ஆனால் அந்தக் கார்டு வைத்திருந்தாலும் தாய்லாந்து வங்கி தன் 220 பாட்டை வாங்கிக்கொள்ளத்தான் செய்யும். முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரக்ஸ் கார்டுக்கும் இதே கதிதான். கிரெடிட் கார்டில் மட்டும் பணமாக எடுக்கவே எடுக்காதீர்கள், எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

தாய்லாந்துக்கு என் யோசனை, கைச்செலவின் பெரும்பகுதியை டாலர் நோட்டாகக் கொண்டுபோய் அங்கே மாற்றுவது. ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற இடத்தில் ரசீதோடு வாங்குங்கள். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாக எடுத்துப் போகலாம். மடிப்பு, கிழிசல் இல்லாத நூறு டாலர் நோட்டுக்கு நல்ல விலை கிடைக்கும். பாங்காக் விமான நிலையத்தில் வெளியே வந்ததும் கண்ணில் படும் கவுண்டர்களில் விலை மோசம், நகருக்குள் மாற்றுங்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள். கார்டை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் பெரிய தொகையாக ஒரே தடவை எடுங்கள். 2020 அக்டோபரிலிருந்து புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் வேலை செய்யும்படியே வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியிலோ கிளையிலோ நாமேதான் திறந்துவிட வேண்டும். ஊர் திரும்பியதும் மூடிவிடுங்கள்.

ஓட்டலிலும் கடையிலும் கார்டு தேய்க்கும்போதும் ரூபாயா பாட்டா என்ற இதே கேள்வி வரும். பாட் என்றே சொல்லுங்கள், மலேசியாவில் ரிங்கிட். சாந்திக்கும் (அறுபதாம் கல்யாணம்) கல்யாணத்துக்கும் சிங்கப்பூரிலிருந்து நம் ஊருக்கு வருகிற சொந்தங்களுக்கும் சொல்லி வையுங்கள்: இங்கே இயந்திரம் சிங்கப்பூர் டாலரில் கணக்குக் காட்டினால் வேண்டாம் என்று அழுத்தி ரூபாயில் எடுக்கட்டும். வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் தராத இயந்திரங்கள் இங்கே நிறைய. அதனால் நகைக்கடை, சமையல்காரர் என்று பெரிய தொகை தேவைப்படுகிறவர்கள் ஏடிஎம்மை நம்பி வராமல் முன்பே இங்குள்ள கணக்குக்கு அனுப்பிவிடுவது நல்லது.

ஏற்கெனவே இப்படிப் பணம் இழந்தவர்கள் சிலிப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள். மை அழிந்துவிடும், இன்றே படம் எடுத்து வையுங்கள். உங்கள் வங்கி தன் கட்டணப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பிடித்திருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448. ஏற்பாட்டாளர் பொய் வாக்குறுதி தந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. பெரியம்மாவோடு போன மற்றவர்களின் சிலிப்புகளையும் வாங்கி, கூட்டத்தில் சொன்னதை யார் யார் கேட்டார்கள் என்று கையெழுத்தோடு எழுதி, ஏற்பாட்டாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை. வராவிட்டால் சிவகங்கைக்குப் போகிறோம், பெரியம்மாவே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.