கோடரிக்கு ஜிக்கா, கிரைண்டரா, வெறும் அரமா?

என் கோடரியை மூன்று விதமாகத் தீட்டிப் பார்த்துவிட்டேன். முதலில் மச்சானுடைய பெஞ்ச் கிரைண்டர், பிறகு வைஸில் பூட்டிக் கை அரம், கடைசியாக நானே பலகையில் செய்த ஒரு ஜிக், அதாவது கல்லை ஒரே சரிவில் ஓட வைக்கும் ஒரு தாங்கி. இப்போது ஜிக்கோடுதான் நிற்கிறேன். ஆகவே இது நடுநிலையான தீர்ப்பு இல்லை, ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவன் சொல்லும் கணக்கு.

கொழும்பில் இருந்துகொண்டு கோடரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2022ஐ ஞாபகப்படுத்தினால் போதும். கேஸ் வரிசையில் நின்று வெறும் சிலிண்டரோடு திரும்பி வந்த அந்த நாட்களில், தெஹிவளையில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு விறகுப் புகைதான். ஐயாவின் பழைய கோடரியைப் பின்வளவுக் கொட்டிலில் இருந்து எடுத்தேன். தலை முழுக்கத் துரு, காம்பு ஆட்டம், வாய் விரலை வைத்து அழுத்தினாலும் வெட்டாது. கேஸ் திரும்ப வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. ஞாயிறு இறைச்சிக் கறி பின்வளவு அடுப்பில்தான். மழைக் காற்றுக்கு முறிந்து விழும் மாங்கொப்புக்கும் ஒரு வழி வேண்டும். பலாவையும் ஈரப்பலாவையும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. நான் கை வைப்பது தானாக முறிந்து விழுந்ததில் மட்டும்தான்.

தெருவில் வரும் சாணைக்காரரையும் கேட்டுப் பார்த்தேன். கத்தி, கத்தரிக்கோல் என்றால் அவர் கை அழகு. கோடரியைக் கையில் வாங்கிப் பாரம் பார்த்துவிட்டு, "இது என்ட கல்லுக்குத் தாங்காது தம்பி" என்று திருப்பித் தந்துவிட்டார். நியாயமான பதில். மீதி மூன்றையும் பார்ப்போம்.

கிரைண்டரில் உள்ள நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாய் கருங்கல்லில் பட்டு முறிந்திருந்தால் அதை அரத்தால் இறக்குவது ஒரு பின்னேர வேலை. கிரைண்டரில் ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். கல்லுக்கு முன்னால் தாங்கு தட்டும் இருப்பதால் கை ஓரளவு நிலையாகவும் நிற்கும். (2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது அது வெறும் மேசைப் பாரமாகக் கிடந்தது, அது வேறு கதை.)

ஆனால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண பெஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 2,800 தடவைக்கு மேல் சுற்றும். ஆறு அங்குலக் கல் என்றால் அதன் ஓரம் செக்கனுக்கு 22 மீற்றர் வரை ஓடுகிறது. கோடரியின் வாய் ஓரமோ தாள் போல மெல்லியது, அங்கே சூடு பரவிப் போக இரும்பு இல்லை. முதலில் வைக்கோல் மஞ்சள் ஏறும், அது சுமார் 220 பாகை செல்சியஸ். நீலம் தெரிந்தால் 300க்குக் கிட்டப் போய்விட்டது என்று அர்த்தம். நீலம் ஏறிய இடத்தில் உருக்கின் பதம், அதாவது அதன் கடினம், இறங்கிவிடும், அதற்குப் பிறகு தண்ணீரில் தோய்த்தாலும் திரும்பி வராது. என் கோடரியின் கீழ் மூலையில் பெருவிரல் நகம் அளவுக்கு நீலம் ஏறியது. மச்சான், "அது தேய்ச்சாப் போயிடும் மச்சான்" என்றான். நிறம் போனது உண்மைதான். ஆனால் அந்த மூலை மட்டும் இரண்டு கிழமையில் மடிந்து, விரலால் தடவினால் ஒரு பக்கம் கொக்கி மாதிரித் தட்டுப்பட்டது.

அரத்தில் அந்தப் பயம் இல்லை. பத்து அங்குலத் தட்டை அரம் ஒன்று, தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும். வெண்கட்டி பூசிக்கொண்டால் பல்லில் தூள் அடைக்காது. பிரச்சினை அரத்தில் இல்லை, என் கையில். வலது பக்கச் சரிவு எனக்கு நன்றாக வரும். இடது பக்கம் வரும்போது முழங்கை உயர்ந்து, சரிவு வயிறு வைத்துவிடும். மொறட்டுவையில் ஒரு தச்சுப் பட்டறையில் வயதான ஒருவர் கோடரியை முழங்காலில் சாத்திக்கொண்டு, பேசிக்கொண்டே அரம் போட்டதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் அச்சில் வார்த்தது போல இருந்தது. அப்படிக் கை உள்ளவர்களுக்கு ஜிக் தேவையே இல்லை. அவர்கள் இந்த இடத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடலாம்.

கை இல்லாதவன் கதை இனி. ஜிக் என்றால் பெரிய மெசின் ஒன்றும் இல்லை. கோடரித் தலை அசையாமல் கிடக்க ஒரு பலகை, கல் ஒரே சரிவில் ஓட ஒரு கம்பி, கம்பியின் பின்முனை நுழைந்து ஆட ஒரு வளையம். பலகை 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை, அலுமாரி செய்தபோது மிஞ்சிய துண்டு. மற்றதெல்லாம் பழைய சோனகத் தெருவில் வாங்கினேன். 10 மில்லிமீற்றர் கம்பி இரண்டு அடி, தலையில் வளையம் உள்ள நீள போல்ட் ஒன்று, விரலால் திருகும் விங் நட், இருபக்கக் காபரண்டம் தீட்டுக்கல். எல்லாம் 5,000 ரூபாய்க்குள். கடை நானா நான் கேட்ட சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "தம்பி, கோடாலி தீட்ட இவ்வளவு சாமானா? இந்தா, ஒரு அரம் தாறேன், கொண்டு போங்க" என்றார். அரமும் வாங்கினேன். அது பிறகு உதவியது.

அளவுதான் முக்கியம். விறகுக் கோடரிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 30 பாகை எனக்குச் சரியாக இருக்கிறது, அதாவது பக்கத்துக்கு 15. வளையத்தை வாயிலிருந்து 300 மில்லிமீற்றர் பின்னால் நிறுத்தினால், வாய் இருக்கும் மட்டத்துக்கு மேலே 80 மில்லிமீற்றர் உயரத்தில் இருந்து சரிவு இறங்கினால் 15 பாகை வரும். கல் கம்பிக்குக் கீழே தொங்குவதால், கம்பியின் நடுவிலிருந்து கல்லின் அடிமுகம் வரை உள்ள இறக்கத்தையும் அந்த 80 உடன் கூட்டிக்கொள்ள வேண்டும். வாய் வளைந்திருக்கிறதே, மூலைகளில் கோணம் மாறாதா என்று முதலில் பயந்தேன். கணக்குப் போட்டால் உண்மையில் அந்த வளைவு நமக்குச் சாதகம். வாய் வளைந்து பின்வாங்குவதால் மூலைகளும் வளையத்திலிருந்து ஏறக்குறைய அதே 300இல்தான் நிற்கின்றன. என் கோடரியில் நடுவுக்கும் மூலைக்கும் கால் பாகை வித்தியாசம்கூட வரவில்லை.

முதல் தடவை நான் கெடுத்தது வேறு இடத்தில். கோடரித் தலையைப் பலகையில் அப்படியே படுக்கவைத்துப் பூட்டினேன். ஆனால் கோடரித் தலையே ஓர் ஆப்புத்தானே! கன்னம், அதாவது தலையின் தட்டையான பக்கம், பலகையில் படிந்தால் வாய் கீழே குனிந்துவிடும். என் தலையில் அந்தக் குனிவு 4 பாகை. 15 என்று நினைத்துத் தீட்டியது உண்மையில் 11. திருப்பிப் போட்டாலும் அதே குனிவு, அதனால் இரண்டு பக்கமும் அச்சொட்டாக ஒன்று போல வந்தது. பார்த்துப் பெருமைப்பட்டேன். சவரக் கத்தி மாதிரிக் கூர். காய்ந்த மாங்குற்றியின் கணுவில் நாலு வெட்டு விழுந்ததும் வாயில் பிறை வடிவத்தில் ஒரு துண்டு போயிற்று. பிறகுதான் மெல்லிய ஆப்புப் பலகை ஒன்று சீவினேன். 15 சென்ரிமீற்றர் நீளம், வாய்ப்பக்கம் 10 மில்லிமீற்றர் தடிப்பு, மறுமுனை ஒன்றுமில்லை. அதைக் கன்னத்துக்குக் கீழே கொடுத்தால் தலை மட்டமாகும். வாய் அதோடு கொஞ்சம் உயரும், 80ஐ அந்தப் புது மட்டத்தில் இருந்து அளக்க வேண்டும். பிறையை இறக்க நானா தந்த அரம் கைகொடுத்தது.

இனி எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம். கூர் இல்லை, வேகமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு உருக்குப் போகிறது என்பதுதான்.

கோடரித் தலை முழுவதும் பதம் போட்ட உருக்கு இல்லை. பெரும்பாலானவற்றில் வாயிலிருந்து சில சென்ரிமீற்றர் வரைதான் கடினமான பகுதி. பின்னால் உள்ளது அடி தாங்குவதற்காக மென்மையாக விடப்பட்டது. அந்த முன்பகுதி தேய்ந்துவிட்டால் கோடரி கோடரியாக இருக்காது, சுத்தியல் மாதிரித்தான். அதோடு வாய் பின்வாங்கப் பின்வாங்கக் கன்னத்தின் தடிப்பான இடத்துக்கு வருகிறோம், பிறகு கன்னத்தையும் சேர்த்து இறக்க வேண்டிவரும்.

கன்னத்தில் ஒரு பஞ்ச் புள்ளி அடித்து, அங்கிருந்து வாய் வரை வேர்னியர் அளவுகோலால் அளந்து, அந்தந்தத் தேதியோடு கலண்டரில் எழுதி வந்தேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளையின்ட உயரத்தைக்கூட இப்படி அளக்கேல்லையே நீங்கள்" என்றாள். கிரைண்டரில் ஒரு வருடத்தில் நாலு தடவை, 5 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூடப் போயிருந்தது. ஜிக்கில் 14 மாதத்தில் ஒன்பது தடவை, ஒரு மில்லிமீற்றர்கூட முழுசாகப் போகவில்லை. அந்தப் பிறை முறிவை இறக்கியது இந்தக் கணக்கில் இல்லை, அது என் மடத்தனத்தின் கணக்கு.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க ஒரு மார்க்கர் பேனா போதும். சரிவு முழுக்கக் கறுப்பாகப் பூசிவிட்டு ஒரு தடவை கல்லை ஓட்டிப் பாருங்கள். கிரைண்டரில் ஒரு ஓரமாக மட்டும் கறுப்பு அழியும், போன தடவை பிடித்த சரிவு வேறு, இந்தத் தடவை பிடித்தது வேறு. இரண்டும் ஒன்றாகும்வரை தேய்க்கிற இரும்பெல்லாம் வீண். ஜிக்கில் முதல் நாலு இழுப்பிலேயே கறுப்பு மேலிருந்து கீழ்வரை ஒன்றாக மங்கும். பக்கத்துக்கு முப்பது இழுப்பு, மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் விரலுக்குத் தட்டுப்படும், நிறுத்திவிட வேண்டியதுதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மழுங்கிய வாய் வெள்ளை நூல் போல மினுங்கும், அந்த நூல் காணாமல் போயிருக்கும்.

ஜிக்கிலும் குறைகள் உண்டு. பூட்டிக் கழற்றப் பத்து நிமிடம் போகிறது. கோடரியைத் திருப்பினால் காம்பு மற்றப் பக்கத்துக்கு வரும், பலகையின் இருபுறமும் வெளி வேண்டும். எங்கள் பின்விறாந்தையில் ஒரு பக்கம் சுவர், ஆகவே மேசையோடு சேர்த்துத் திருப்புகிறேன். தீட்டும்போது விரல் முட்டி வாய்க்கு நேரே ஓடுகிறது. ஒருமுறை வெட்டுப்பட்ட பிறகு கம்பியில் ஒரு தடித்த தோல் வட்டம் கோர்த்துவிட்டேன். கல் நடுவில் குழி விழும், சீமெந்துத் தரையில் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து மட்டமாக்க வேண்டும். கடற்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும். முதலில் போட்ட சாதாரண இரும்புக் கம்பி ஒரு மழைக்காலத்திலேயே வளையத்தில் இறுகிவிட்டது, ஸ்டெயின்லெஸ் பிறகு வந்ததுதான். வாய்க்குத் தேங்காய் எண்ணெய் பூசினால் பிசின் மாதிரி ஒட்டுகிறது. தையல் மெசின் எண்ணெய் பரவாயில்லை.

இன்னொன்று, ஜிக் தருவது தட்டையான சரிவு. விறகு பிளப்பதற்குச் சரிவின் தோள், அதாவது சரிவு கன்னத்தோடு சேரும் இடம், கொஞ்சம் உருண்டிருந்தால்தான் வாய் மரத்தில் சிக்காமல் கழன்று வரும். அதற்குக் கடைசியில் வட்டக் கல்லை வெறுங்கையில் பிடித்துத் தோளை மட்டும் தடவிவிடுகிறேன். அது சரியான அளவா என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. நான் தீட்டியதெல்லாம் இந்த ஒரு கோடரியைத்தான். சின்னக் கைக்கோடரியை ஒருமுறை பூட்டிப் பார்த்தேன், தலை குட்டையாக இருந்ததால் பூட்டும் சட்டத்தில் கல் முட்டியது. இருபக்க வாய்க் கோடரியைக் கையால் தொட்டதே இல்லை. தினமும் பத்துக் கோடரி தீட்டுகிற பட்டறைக்காரர் இதைப் பார்த்துச் சிரிப்பார். அவருக்குத் தண்ணீரில் மெதுவாகச் சுற்றும் பெரிய கல்தான் சரி, அதில் நீலம் ஏறும் பேச்சே இல்லை. விலை என் கைக்கு எட்டாது.

மச்சான் முதன்முதலில் இதைப் பார்த்தபோது கம்பியைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "என்ன, வயலின் கச்சேரி வைக்கப் போறியோ?" என்று கேட்டான். கிரைண்டரை நானும் இன்னும் கைவிடவில்லை. வாய் பெரிதாக முறிந்தால் இப்போதும் அவன் வீட்டுக்குத்தான் போவேன், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, இரண்டு செக்கனுக்கு ஒருமுறை தோய்த்து, கடைசி இரண்டு மில்லிமீற்றரைத் தொடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து ஜிக்கில் முடிப்பேன்.

போன மழையில் பலகையின் ஒரு மூலை ஊதி, வளைய போல்ட் ஒரு நூல் அளவு சாய்ந்திருக்கிறது. இப்போதைக்கு அடியில் ஒரு வாஷர் கொடுத்துச் சமாளிக்கிறேன். வார்னிஷ் டின் வாங்கி இரண்டு மாதம், இன்னும் மூடி திறக்கவில்லை.