கோல்சிசினா, நாப்ராக்ஸெனா?

போர்வை நுனி பட்டாலே கால் பெருவிரலில் உயிர் போகிற கவுட் வலி (யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வருவது) நள்ளிரவில் கிளம்பும்போது, பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் மருத்துவர் எழுதித் தருகிறார். கோல்சிசின் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல; மூலனூர், தாராபுரம் பக்கம் தோட்டங்களில் விளையும் கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது அதுதான். (விதையையோ கிழங்கையோ நேரடியாக வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து.) வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் குறைந்த அளவில் எடுத்தால் நன்றாகக் கேட்கும். ஆனால் மணிக்கொரு மாத்திரை விழுங்கும் பழைய முறையைப் பின்பற்றிய என் அப்பிச்சி, வயிற்றுப்போக்கில் விரல் வலியை மறந்து சொம்புத் தண்ணீரோடு விடியும்வரை நடந்துகொண்டிருந்தார். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எடுப்பவர்களுக்கும் அது உடலில் தேங்கி நஞ்சாகலாம்.

நாப்ராக்ஸென் வீக்கத்தையும் வலியையும் நன்றாகவே அடக்கும். ஆனால் இரைப்பையில் புண், இரத்த அழுத்த உயர்வு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றுக்கு வழிவிடும். குடல் புண் வந்தவருக்கு நான் கோல்சிசினையே நல்லதென்பேன். சிறுநீரகம் கெட்டவருக்கு இரண்டுமே சிக்கல் என்பதால், மருத்துவர் ஸ்டீராய்டை யோசிப்பார். இரண்டுமே யூரிக் அமிலத்தைக் குறைப்பதில்லை. அதற்கு அலோபியூரினால் ஏற்கெனவே எடுப்பவர், வலி வந்ததென்று அதை நிறுத்த வேண்டியதில்லை.