மைஎஸ்கியூஎல் 8.4: மாறலாம், ஆனால் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு மாறுங்கள்

கோலாலம்பூரில் ஜாலான் மஸ்ஜித் இந்தியா ஜவுளிக்கடையானாலும் பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கானாலும், இ-இன்வாய்ஸுக்காக பில்லிங் மென்பொருளை மாற்றும்போது அடியில் ஓடும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸையும் மாற்ற வேண்டி வருகிறது. மைஎஸ்கியூஎல் 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. 2024 ஏப்ரலில் வெளிவந்த 8.4 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. கம்யூனிட்டி பதிப்புக்குக் கட்டணமும் இல்லை. சிறிய கடைக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் மாற்றிய மறுநாளே கவுண்டரிலிருந்து குரல் வரும்: "பில் திறக்கவே பத்து விநாடி ஆகுது!"

பழி பெரும்பாலும் குவெரி கேஷ் (முன்பு கேட்ட கேள்விகளின் விடையைச் சேமித்து வைக்கும் வசதி) இல்லாததன் மேல் விழும். 8.0-இலேயே அதை நீக்கிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் இந்தத் தாமதத்துக்கு அது காரணமா என்பதை ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். கவுண்டர் கணினியிலிருந்து இணைந்து "செலக்ட் 1" மட்டும் ஓட்டுங்கள். எந்த டேபிளையும் தொடாத கட்டளை அது. இணைவதற்கே ஐந்து, பத்து விநாடி பிடித்து, இணைந்தபின் விடை சட்டென்று வந்தால் டேபிளில் தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸைக் குடைய வேண்டாம். காத்திருக்கும் அந்த நேரத்தில் சர்வரில் இணைப்புகளைப் பட்டியலிடும் "ஷோ பிராசஸ்லிஸ்ட்" போட்டால், பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "அன்ஆதென்டிகேட்டட் யூசர்" என்று நிற்கும். கணினிப் பெயரையும் ஐபி முகவரியையும் இணைத்துச் சொல்லும் டிஎன்எஸ்ஸின் தாமதத்துக்கு வழக்கமான அடையாளம் இது.

யாராவது இணைந்தால், அந்த ஐபி முகவரிக்கு என்ன பெயர் என்று சர்வர் டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. கடை ரௌட்டருக்கு 192.168.1.23 யாரென்று தெரியாது. "தெரியாது" என்று உடனே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. சர்வர் அதை ஹோஸ்ட் கேஷ் என்ற தன் நினைவுப் பட்டியலில் குறித்துக்கொள்ளும். பதிலே வராவிட்டால்தான் வம்பு. லினக்ஸில் ஒரு முயற்சிக்கு ஐந்து விநாடி, மொத்தம் இரண்டு முயற்சி என்பது இயல்பு அமைப்பு. இப்படித் தற்காலிகமாகத் தோற்ற தேடலை சர்வர் முடிந்த விடையாக எடுத்துக்கொள்ளாது. அதனால் ஒவ்வொரு பில்லுக்கும் மறுபடி காத்திருப்பு.

அப்படியென்றால் பழைய பதிப்பில் ஏன் வரவில்லை? பல இடங்களில் முன்பு நிறுவியவர், பெயரைத் தேடாதே என்று சர்வருக்குச் சொல்லும் "ஸ்கிப்_நேம்_ரிசால்வ்" என்ற வரியை எழுதி வைத்திருப்பார். விண்டோஸில் புரோகிராம்டேட்டாவுக்குள் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி ஃபோல்டர், தனி மை.ஐஎன்ஐ அமைப்புக் கோப்பு. புதிதாக நிறுவும்போது அந்த வரி பழைய ஃபோல்டரிலேயே தங்கிவிடுகிறது.

அந்த வரியைப் புதிய மை.ஐஎன்ஐ-யில் மைஎஸ்கியூஎல்டி பகுதியின் கீழ் சேர்த்து, கடை மூடியபின் சர்வீஸை மறுதொடக்கம் செய்யுங்கள். ஓடும்போதே மாற்ற முடியாது. அதற்கு முன், பயனர் பட்டியலின் ஹோஸ்ட் பத்தியைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். "கவுண்டர்2" போலக் கணினிப் பெயரில் உள்ள கணக்குகள் இனி பொருந்தா. இந்தக் கணினிக்கு அனுமதி இல்லை என்ற 1130 பிழைதான் வரும். "192.168.1.%" என்று புதுக் கணக்கு உருவாக்கி அதே உரிமைகளைக் கொடுங்கள். சர்வர் கணினியிலேயே ஓடும் மென்பொருள் டிசிபி (நெட்வொர்க் இணைப்பு) வழியே இணைந்தால் "லோக்கல்ஹோஸ்ட்" கணக்கும் போதாது, "127.0.0.1"-க்குத் தனிக் கணக்கு வேண்டும். அவசரத்தில் பலர் கோட்டைவிடும் இடம் இது.

இதற்குப் பிறகும் ஒவ்வொரு பொத்தானுக்கும் சின்னச் சின்ன இழுவை இருந்தால், மென்பொருள் ஒவ்வொரு குவெரிக்கும் புது இணைப்பு திறக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். இணைப்பைக் குறியாக்கம் செய்வதற்கான டிஎல்எஸ் கைகுலுக்கல் ஒவ்வொரு முறையும் நடக்கும். திறந்த இணைப்புகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கனெக்‌ஷன் பூல் வைப்பதுதான் தீர்வு. குறியாக்கத்தை அணைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

5.7-இலிருந்து நேரே 8.4-க்குத் தாவ முடியாது, இடையில் 8.0 வேண்டும். பழைய மென்பொருள் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பழைய "நேட்டிவ் பாஸ்வேர்ட்" முறையையே நம்பியிருந்தால் 8.4-இல் அது இயல்பாகவே அணைந்திருக்கும். அமைப்பில் எழுதித் திரும்ப இயக்கலாம். 9.0-இல் அதுவும் கிடையாது.