கிரியேட்டினின் 1.4 ஆனதும் வந்து நிற்கும் பொடிக்காரர்கள்

"சுகர் மாத்திரைதான் உங்க கிட்னியை அரிச்சிருக்கு, உடனே நிறுத்துங்க." சுகருக்கு மூலிகைப் பொடி விற்பவர்கள் பேச்சை இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஆதாரமும் கையோடு இருக்கும்: உங்களுடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

பிரஷருக்கு டெல்மிசார்டான் போட்டுவரும் ஒருவருக்கு டாபாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை 10 மி.கி. புதிதாகச் சேர்க்கிறார்கள். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின், மூன்று வாரத்தில் ரத்தத்தில் 1.2இலிருந்து 1.4 ஆகிறது. சிறுநீரகம் கெட்டுவிட்டதா? இல்லை. சர்க்கரை நோயில் சிறுநீரக வடிகட்டிகளுக்குள் அழுத்தம் எகிறிக் கிடக்கும். இரண்டு மாத்திரையும் அதைத்தான் இறக்குகின்றன. அழுத்தம் இறங்கினால் வடிகட்டும் அளவும் சற்றுக் குறையும், கிரியேட்டினின் ஏறும். 30 சதவீதத்துக்குள் ஏறி அங்கேயே நின்றால் பொதுவாக மாத்திரையை நிறுத்துவதில்லை. இது வெறும் 17 சதவீதம். எழுதிக் கொடுக்கும்போதே இதைச் சொல்லாத மருத்துவர்தான் பொடிக்காரருக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்.

மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை விஷயத்தில் பொடிக்காரர்கள் சொல்வது பாதி உண்மை. அது சிறுநீரகத்தைக் கெடுக்காது. இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் கணக்கு) 45க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பதும், 30க்குக் கீழே நிறுத்துவதும் மருந்து உடம்பில் தேங்கி லாக்டிக் அமிலம் ஏறாமல் இருக்கத்தான்.

'பொடியில் சுகர் குறையுதே' என்பார்கள். குறையும். மூலிகை என்று விற்றவற்றில் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் போன்ற சுகர் மருந்துகள், ஏன், 1970களிலேயே பல நாடுகள் விலக்கிய ஃபென்ஃபார்மின்கூடச் சிக்கியிருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவர் உடம்பிலிருந்து கிளிபென்கிளமைடு லேசில் வெளியேறாது. சுகர் அளவுக்கு மீறி இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, நினைவு தடுமாறும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் தெளிவார். சில மணி நேரத்தில் மறுபடி சாய்வார். தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். இதற்கிடையே டெல்மிசார்டானையும் நிறுத்தியிருந்தால் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் ஒழுகும். வலியே இருக்காது.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையோடு உப்பையும் நீரையும் வெளியேற்றும். நீர் மாத்திரையும் சேர்ந்தால் எழுந்து நிற்கையில் கண் இருட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத நாளில் எந்தெந்த மாத்திரையை நிறுத்திவைப்பது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. அறுவை சிகிச்சை என்றால் டாபாகிளிஃப்ளோசினை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதைப் போடுகிறவருக்கு வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால், சுகர் 180தான் காட்டினாலும் கீட்டோன் (கொழுப்பு கரையும்போது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) பார்க்கச் சொல்லுங்கள்.

பொடியை ஏற்கெனவே சாப்பிட்டவர்கள் டப்பாவைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் ஒழுகும் ஆல்புமின் என்ற புரதம் மூன்றையும் பார்த்த பிறகே பழைய மாத்திரைகளைத் தொடங்குங்கள்.