லாட்டரியில அடிச்ச என் பேரை மறைக்கறேன்னு கடைக்காரர் 38,500 வாங்கிட்டு என் மூஞ்சியவே ஃப்ளெக்ஸ் அடிச்சு மாட்டிட்டாப்ல, கேரளா பார்டர் தாண்டி டிக்கெட் எடுக்கறவங்க படிங்க

கை நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க. நேத்து சாயங்காலம் தான் அந்த ஃப்ளெக்ஸை என் கண்ணால பாத்தேன். கடைசியில உங்களுக்கு அஞ்சு விஷயம் சொல்றேன், அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லிடறேன்.

நான் பொள்ளாச்சிப் பக்கம், கிரில் வொர்க் பண்றேன். மாசத்துல நாலஞ்சு வாட்டி பாலக்காடு ஜில்லாவுக்கு கேட் மாட்டப் போவேன். வர்ற வழியில டீ குடிக்கற எடத்துல ஒரு லாட்டரிக் கடை, அங்க ஒண்ணோ ரெண்டோ டிக்கெட் எடுக்கறது பழக்கம். நம்ம ஊர்ல 2003லயே லாட்டரிய தடை பண்ணிட்டாங்க, கேரளாவுல 1967ல இருந்து கவர்மெண்டே நடத்துது, அதனால நாம அங்க போய் வாங்கினா தப்பில்ல. கடை பேரு போடல. போட்டா என் மேலயே கேஸ் போடுவேன்னு சொல்றாப்ல அந்த ஆளு.

போன மாசம் எனக்கு அஞ்சு லட்சம் அடிச்சது. கோடி எல்லாம் இல்லீங்க, அஞ்சு லட்சம். அதுலயும் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் முதல்ல போயிரும், மிச்சத்துல 30 சதவீதம் வரி, ஆக கைக்கு வர்றது 3,15,000. அதுவும் இன்னிக்கு வரைக்கும் ஒத்த ரூபா அக்கவுண்ட்டுக்கு வரல, இதை ஞாபகம் வச்சுக்கங்க.

எனக்கு ஒரே பயம், வெளிய தெரியக்கூடாதுன்னு. 2022ல கேரளா ஓணம் பம்பர் லாட்டரில 25 கோடி அடிச்ச திருவனந்தபுரத்து ஆட்டோக்காரர் கதை எல்லாருக்கும் தெரியும், அடிச்ச கொஞ்ச நாள்லயே நிம்மதி போச்சு, சொந்த வீட்ல இருக்க முடியல, காசு கேட்டு வாசல்ல கூட்டம், ஏன்டா அடிச்சதுன்னு இருக்குன்னு அவரே டிவியில அழாத குறையா சொன்னாரு. நமக்கு அவ்ளோ பெரிய தொகை இல்ல தான், ஆனா நம்ம சொந்தபந்தத்துக்கு அஞ்சு லட்சம் போதாதா?

அந்தப் பயத்தை நான் தான் போய் கடைக்காரர்கிட்ட சொன்னேன். அது தான் நான் பண்ண மொத தப்பு. ஆளு நல்லாத் தமிழ் பேசுவாப்ல, எங்கப்பா வயசு இருக்கும், நான் சேட்டன்னு தான் கூப்பிடுவேன். ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, உள்ள ஸ்டூல் போட்டு உக்கார வச்சு, கட்டன் சாயா வாங்கிக் குடுத்து, என் கையைப் புடிச்சுக்கிட்டு, "தம்பி, நீ எனக்கு மகன் மாதிரி, உன் பேரு ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது, நான் பாத்துக்கறேன்"னு சொன்னாப்ல. அந்தக் கையைப் புடிச்சது இருக்கு பாருங்க, அதுல தான் நான் விழுந்தேன். எங்கப்பா செத்து ஆறு வருஷம் ஆச்சு, அதுக்கப்புறம் யாரும் அப்படி என் கையைப் புடிக்கல.

அப்புறம் கணக்கு சொன்னாப்ல. பேரை மறைக்கறதுக்குத் தனி ஃபைல் போகணுமாம், அதுக்கு லாட்டரி ஆபீஸ்ல 25,000. நோட்டரி, ஃபார்ம், மத்த பேப்பர் எல்லாம் சேத்து 8,500. பத்திரிகைக்காரங்க வராம இருக்க 5,000. மொத்தம் 38,500. வீட்டம்மா சீட்டு எடுத்து வச்சிருந்த காசு, பொண்ணுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட. 30,000 கையில, 8,500 ஜிபேல அவரு மச்சான் நம்பருக்கு. ஏன் மச்சான் நம்பர்னு கூட கேக்கல நான். ஃபார்முக்கு வேணும்னு டிக்கெட்டைக் கையில புடிக்கச் சொல்லி ஒரு போட்டோ வேற எடுத்துக்கிட்டாப்ல, கொஞ்சம் சிரிங்க தம்பின்னு. நானும் சிரிச்சேன். டிக்கெட்டையும் குடுங்க நானே பேங்க்ல குடுத்துடறேன்னு கேட்டாப்ல, அது மட்டும் ஏதோ சாமி புண்ணியத்துல அவர்கிட்ட குடுக்காம நானே பேங்க்ல குடுத்தேன்.

பதினேழாவது நாள் என் மச்சான் வாட்ஸப்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பறாப்ல. "மாமா இது நீங்க தான?"ன்னு. அதே போட்டோ. அதே சிரிப்பு. மேல "நமது கடையில் 5 லட்சம் வென்ற பொள்ளாச்சி அதிர்ஷ்டசாலி"ன்னு பெருசா, கீழ என் பேரு, தொழில் வரைக்கும். கடை ஸ்டேட்டஸ்ல இருந்து யாரோ எடுத்து நாலு குரூப்ல போட்டு, ராத்திரிக்குள்ள எங்க ஊர்க் கோயில் கமிட்டி குரூப்புக்கே வந்துருச்சு. காலையில ஆறு மணிக்கு கும்பாபிஷேக நோட்டோட ரெண்டு பேரு வாசல்ல. பெரியம்மா பையன் பத்து வருஷமா பேசாதவன், தம்பி நல்லாருக்கியாங்கறான். வரியைத் திரும்ப வாங்கித் தர்றேன், ஓடிபி மட்டும் சொல்லுங்கன்னு ஹிந்தி கலந்து ஒருத்தன். என்கிட்ட இன்னும் காசே வரலைன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க, அவங்களைப் பொறுத்த வரைக்கும் நான் மறைக்கறேன்!

போன் பண்ணேன். மொத நாள், "பையன் தெரியாம ஸ்டேட்டஸ் போட்டுட்டான் தம்பி, எடுத்துடறேன்". ரெண்டாவது நாள் சேட்டன் குளிக்கறாரு. மூணாவது நாள் சேட்டன் குருவாயூர் போயிருக்காரு. அப்புறம் எடுக்கவே இல்ல. நேத்து நேர்ல போனா, ஸ்டேட்டஸை விடுங்க, கடை வாசல்ல எட்டடிக்கு ஃப்ளெக்ஸ், அதுல நான். அந்த ஆளு குருவாயூரும் போகல ஒண்ணும் போகல, உள்ள உக்காந்து ரிசல்ட் தாளை மடிச்சிட்டு இருக்காப்ல. என் 38,500 எங்கன்னு கேட்டா, "ஆபீஸ்ல உன் பேரை வெளிய விடல தம்பி, அதுக்குத் தான் காசு வாங்கினேன். இது கடை விளம்பரம், இது வேற. இது இல்லாம நான் எப்படி யாவாரம் பண்றது? ஃப்ளெக்ஸுக்கு உன்கிட்டயா காசு கேட்டேன்?" அப்படீங்கறாப்ல. சத்தியமா இந்த வார்த்தையே தான்.

போலீஸுக்குப் போவேன்னேன். அதுக்கு அவரு எடுத்த ஆயுதம் தான் பெருசு. 2023 ஓணம் பம்பர் திருப்பூர்க்காரங்க நாலு பேருக்கு அடிச்சப்ப, கேரளா பக்கம் வாளையார்ல வித்த டிக்கெட் அது, ஆனா தமிழ்நாட்டுல கள்ளத்தனமா வித்ததுன்னு யாரோ புகார் குடுத்து விசாரணை வரைக்கும் போச்சுல்ல, "அந்த மாதிரி உனக்கும் ஆயிரும், வர்ற காசும் வராது, பாத்துக்க"ன்னு. அப்பா வயசு ஆளு, அதே கை, இப்ப விரலை நீட்டிப் பேசுது. நான் அன்னிக்கு டிக்கெட்டுக்கு அதே கடையில ஜிபே பண்ணது போன்ல இருக்கு, அதனால எனக்குப் பயமில்ல, ஆனா அந்த நிமிஷம் வாயடைச்சுப் போயிட்டேன்.

இதுல வயிறு எரியற விஷயம் என்னன்னா இன்னிக்கு பேங்க்ல அந்த மேடத்துகிட்ட சொல்லி அழுதப்ப தெரிஞ்சது. அப்படித் தனி ஃபைலும் இல்ல, 25,000மும் இல்ல, பேரை வெளியிட வேண்டாம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்திருந்தா போதுமாம். 2024 ஜனவரியில கிறிஸ்துமஸ் பம்பர் 20 கோடி அடிச்ச பாண்டிச்சேரிக்காரர் அப்படித்தான் பேரை வெளியிட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு, பேரு வெளிய வரல. 20 கோடிக்காரர் கமுக்கமா இருக்காரு, 5 லட்சக்காரன் நான் எட்டடி ஃப்ளெக்ஸ்ல பல்லைக் காட்டிட்டு நிக்கறேன். நோட்டரியும் விசாரிச்சேன், சில நூறு ரூபா வேலை.

எங்க சித்தி பையன் அமெரிக்காவுல இருக்கான், அவன் சொல்றான் டெக்சாஸ்ல 10 லட்சம் டாலருக்கு மேல அடிச்சா பேரை மறைச்சுக்கலாம், கலிபோர்னியால முடியாது, வெளிய வந்தே தீரும்னு. சைனாவுல கரடி பொம்மை வேஷம் போட்டுட்டு வந்து செக் வாங்குவாங்களாம். 38,500க்கு எத்தனை கரடி வேஷம் வாங்கியிருக்கலாம்.

சரி, அந்த அஞ்சு விஷயம். டிக்கெட்டுக்குப் பின்னாடி உடனே பேரு, அட்ரஸ் எழுதி கையெழுத்துப் போடுங்க, 30 நாளைக்குள்ள டிக்கெட்டைக் குடுக்கணும், ஒரு லட்சத்துக்கு மேலன்னா பேங்க் வழியா குடுக்கலாம், கடைக்காரர் கையில குடுக்காதீங்க. வாங்குன கடையில போய் அடிச்சதைச் சொல்லாதீங்க, அவருக்குக் கமிஷன் தானா வரும். போட்டோக்கு நிக்காதீங்க. மிச்ச ரெண்டு இப்ப மண்டையில வரல, போன் அடிச்சிட்டே இருக்கு.

38,500 வந்தாலும் வராட்டியும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டோட நாளைக்குக் கம்ப்ளைன்ட் குடுக்கத் தான் போறேன். பொள்ளாச்சிப் பக்கத்து கோபாலபுரம் பார்டர் தாண்டி அந்தப் பக்கம் போறவங்க யாராச்சும் சிவப்பு சட்டையில ஒருத்தன் டிக்கெட்டோட சிரிக்கற ஃப்ளெக்ஸ் இன்னும் தொங்குதான்னு பாத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. நான் போனா அடிதடி ஆயிரும்.